தங்கவயலுக்கு நாம் வைத்த பாக்கி

சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலில் போய்வரும் தமிழர்களுக்குப் பங்காரப்பேட்டை தெரியும். வண்டி ஓரிரு நிமிடம் நிற்கும். காபி, வடை விற்பவர்கள் ஓடி வருவார்கள். நிறமே இல்லாத, வெறும் தண்ணீர் போன்ற ரசத்தை ஊற்றித் தருகிற அந்த ஊர்ப் பானிபூரியும் பெங்களூருவாசிகளுக்குப் பழக்கம்தான். தெரியாதது அங்கிருந்து பிரிகிற கிளைப்பாதை. 1894-ல் போட்டது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று சின்னச் சின்ன நிலையங்களைத் தொட்டுக்கொண்டு போய் மாரிகுப்பத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பாதையின் இருமருங்கிலும் தமிழ் பேசுகிற ஒரு தொழிலாளர் நகரம் வாழ்ந்து, உழைத்து, சங்கம் வைத்து, பத்திரிகை நடத்தி, செத்திருக்கிறது. கோலார் தங்கவயல். நாம் பங்காரப்பேட்டையில் காபி குடித்துவிட்டு நேரே போய்விட்டோம்.

கர்நாடக அரசையும் ஒன்றிய அரசையும் கேட்க வேண்டிய கேள்விகளைத் தங்கவயல்காரர்கள் கால் நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இங்கே பேச வந்தது நம் பங்கைப் பற்றி. நாம் என்றால் தமிழில் எழுதுகிறவர்கள், பத்திரிகை நடத்துகிறவர்கள், கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறவர்கள், கட்சிக்காரர்கள், தமிழர் என்ற சொல்லை மேடையில் ஓங்கிச் சொல்கிறவர்கள், அதைக் கேட்டுக் கைதட்டுகிறவர்கள்.

ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி 1802-ல் அந்தப் பகுதியை அளக்கப் போனபோதே ஊர் மக்கள் மண்ணை அரித்துத் தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுதி வைத்ததைப் பல பத்தாண்டுகள் கழித்துப் படித்த லவெல் என்ற ஐரிஷ்காரர், நியூசிலாந்துப் போரில் இருந்து வந்தவர், 1871-ல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து தேடினார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் தொழில் நிமிர்ந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் நொறுங்கிக் கிடந்த வடார்க்காட்டிலிருந்தும், சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள். கங்காணி கூட்டிக்கொண்டு போனது பாதி, ஊரில் பண்ணையாரிடம் இருக்கப் பிடிக்காமல் தானாகப் போனது பாதி. ஒரு கட்டத்தில் சுரங்கத்தில் மட்டும் முப்பதாயிரம் பேர் வேலை செய்தார்கள். மூங்கில் தட்டியால் அடைத்த வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன; அவற்றுக்கு லைன் என்று பெயர். வெள்ளைக்காரர்களுக்கு மேட்டில் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். ஊருக்குக் குட்டி இங்கிலாந்து என்ற செல்லப்பெயரும் இருந்தது. அந்தப் பெயரை வைத்தவர்கள் லைன் வீட்டில் குடியிருந்தவர்கள் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காவிரியைப் பற்றி நம்மைப்போலப் பேசியவர்கள் யார்? ஆனால் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-ல் முதலில் எங்கே போனது என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். பெங்களூருக்கு விளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான். கோடையிலும் தங்கவயலுக்கு மின்சாரம் குறையக்கூடாது என்பது கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்ட மைசூர் சமஸ்தானம் சொன்ன காரணங்களில் ஒன்று. நம் தலைமுறை முழுக்கச் சண்டைபோட்ட அணையின் பிறப்புக்கதையில் பாறைக்கடியில் உழைத்த தமிழர்கள் இருக்கிறார்கள். தஞ்சாவூர் வயலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம் இந்த வயலுக்கு ஒரு பத்தி ஒதுக்கவில்லை.

பூமிக்குக் கீழே அவர்கள் போன ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. சாம்பியன் ரீப் சுரங்கம் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடிவரைக்கும் ஒரே கூண்டில் போக முடியாது. ஒன்றில் இறங்கி, சுரங்கத்துக்குள் நடந்து, வேறொரு ஷாப்டில் மாறி மறுபடி இறங்க வேண்டும். அங்கே பாறையைத் தொட்டால் சுடும். 60 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் துளை போட்டு, வெடி வைத்து, கல்லை அள்ளித் தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே அனுப்பி, அரைத்து, சயனைடில் கரைத்து எடுத்த தங்கம் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல். வேலை முடிந்து மேலே வருகிறவனைச் சோதனை போடுவார்கள். ஒரு துண்டுக் கல் மடியில் இருந்தால் திருட்டுக் கேஸ்.

ஆழம் கூடக் கூடப் பாறை தானே வெடிக்கும். அங்கே அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். கீழே நடந்தால் மேலே லைன் வீட்டில் அடுக்கியிருக்கும் பாத்திரம் கலகலக்கும். அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே போட்டுவிட்டு ஷாப்டு வாசலுக்கு ஓடுவாள். அவளுக்கு முன்னால் பத்துப் பேர் அங்கே நின்றிருப்பார்கள். கூண்டு மேலே வரும்வரை யாரும் பேச மாட்டார்கள். தப்பித்து வந்தவர்களுக்கு நெஞ்சில் வேறொன்று காத்திருந்தது. இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலாகப் பதிவானது இந்த ஊரில்தான், 1934-ல். 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்ததில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் நுரையீரலில் கல்தூசி. நாற்பது வயதில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிய ஒரு தலைமுறை அது. அவர்கள் தோண்டிய தங்கத்தில் எத்தனை சவரன் நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு வந்தது என்று கணக்கிட வழியில்லை. வந்திருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் கைரேகைப் பதிவை எதிர்த்துக் காந்தி போராடியதைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய அதே 1930-ல், கம்பெனி கைரேகை கேட்டபோது தர மாட்டோம் என்று தங்கவயல் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது எந்தப் பாடத்தில் இருக்கிறது? 1946 நவம்பர் 4 அன்று தொழிற்சங்கப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஆறு தொழிலாளர்கள் செத்தார்கள். தங்கவயல் அந்த நாளை மறக்கவில்லை. கீழ்வெண்மணிப் படுகொலைக்கு நினைவுநாள் எடுக்கிறோம், தாமிரபரணிக்கு எடுக்கிறோம், எடுக்கத்தான் வேண்டும். நவம்பர் 4 நம் நாட்காட்டியில் வெறும் தேதி. செங்கொடித் தோழர்களும் இதில் விலக்கு இல்லை. தங்கவயலில் செங்கொடிச் சங்கம் வளர்த்த கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் என்ற பெயர்களை இன்றைய தோழர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

நாம் மிகவும் வெட்கப்பட வேண்டியது இனிச் சொல்வதற்குத்தான்.

பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசர் இன்று நமக்குப் பெரிய பெயர். 2005-ல் தபால்தலை வந்தது, கிண்டியில் மணிமண்டபம் எழுந்தது. கருத்தரங்கம் என்றால் அவர் படம் இல்லாமல் இல்லை. அவர் சென்னை ராயப்பேட்டையில் தமிழன் பத்திரிகையை 1907-ல் தொடங்கினார். அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களில், நன்கொடை அனுப்பியவர்களில், கேள்வி எழுதிப் போட்டவர்களில் பெருங்கூட்டம் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும்தான். மாரிகுப்பத்தில் எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் அயோத்திதாசர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளையை நடத்தினார்கள். சாம்பியன் ரீப்பிலும் கிளை இருந்தது. பௌத்த முறையில் கல்யாணம், பௌத்த முறையில் அடக்கம், ஞாயிறுதோறும் சொற்பொழிவு. அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டு வெளியிட்ட சித்தார்த்தா புத்தகசாலை தங்கவயலில் இருந்தது. 1914-ல் அவர் இறந்து சில ஆண்டுகளில் பத்திரிகை நின்றுபோனது. 1920-களின் பிற்பாதியில் அதைத் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தவர் ஜி. அப்பாதுரையார்.

இது எப்படிப்பட்ட வாசகர் கூட்டம் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பகல் முழுக்க வெளிச்சமில்லாத இடத்தில் கல் உடைத்தவர்கள். ஒரே அறையும் ஒட்டினாற்போல ஓர் அடுப்படியும் கொண்ட வீட்டில் ஏழெட்டுப் பேரோடு படுத்தவர்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் சிமினி விளக்கை முன்னால் வைத்து உரக்கப் படிப்பார், சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பார்கள். இந்திரர் தேச சரித்திரம் பற்றியும் வேஷ பிராமணர் பற்றியும் அங்கே விவாதம் நடந்த காலத்தில், நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் பெரும்பாலானவை பிறக்கவே இல்லை. அவர்கள் கூலியில் கிள்ளிக் கொடுத்த காசில் அச்சான தாள்களை அன்பு பொன்னோவியம் போன்ற ஓரிருவர் மூட்டை கட்டிப் பாதுகாத்தார்கள். ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து 1999-ல் அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவந்தபோது நாம் கண்டுபிடித்துவிட்டோம் கண்டுபிடித்துவிட்டோம் என்று குதித்தோம். யாரிடமிருந்து காணாமல் போயிருந்தார் அயோத்திதாசர்? தங்கவயலில் அவர் காணாமல் போகவே இல்லை. ஆசிரியரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டோம், அவரைக் காப்பாற்றிய வாசகனின் பெயரைக்கூட விசாரிக்கவில்லை.

தங்கவயலின் தொழிலாளர் வரலாற்றை விரிவாக எழுதிய ஜானகி நாயரின் நூலும், அங்கிருந்த தமிழ்ப் பௌத்தம் பற்றிய அலாய்சியஸின் நூலும் 1998-ல் வந்தன. இரண்டும் ஆங்கிலத்தில். தமிழில் தங்கவயல்காரர்கள் தாங்களே எழுதிய நூல்களை நம் இதழ்களின் மதிப்புரைப் பக்கங்களில் தேடினால் கண் வலிக்கும்.

காரணம் என்ன என்று சுற்றி வளைக்க வேண்டாம். அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். அதனால் தமிழர் கணக்கில் அவர்கள் முழுசாகச் சேரவில்லை. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். தமிழ்நாட்டில் எங்கும் அம்பேத்கர் வழிவந்த இந்தியக் குடியரசுக் கட்சி வேர் பிடிக்கத் திணறியபோது, தங்கவயலில் சி.எம். ஆறுமுகம் அந்தக் கட்சியின் பேரில் சட்டசபைக்குப் போனார்; பின்னால் ராஜேந்திரன் போனார். அம்பேத்கரே 1954-ல் வந்துபோன ஊர். தமிழ் அரசியல் வரலாறு எழுதியவர்கள் அ.தி.மு.க.வின் பக்தவச்சலம் 1999-ல் அங்கே ஜெயித்ததை ஒரு துணுக்காகச் சொல்வார்கள், அத்தோடு சரி. அதே ஊரில், மலம் அள்ளும் வேலைக்குத் தள்ளப்பட்ட தெலுங்கு பேசும் குடும்பத்தில் 1966-ல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். தங்கவயலின் உலர் கழிப்பிடங்களை எதிர்த்துத்தான் அவர் போராட்டம் தொடங்கியது. 2016-ல் மகசேசே விருது வரை போனது. தங்கம் எடுத்த நகரத்தில் கையால் மலம் அள்ளினார்கள் என்ற செய்தியும் நமக்கு விருது வந்த பிறகுதான் எட்டியது.

நம் மறதி அறிவியலையும் விடவில்லை. தேனியில் நியூட்ரினோ ஆய்வகம் வரலாமா கூடாதா என்று ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டோம். எந்தப் பக்கம் நின்றவர்களும் பெரும்பாலும் சொல்லாமல் விட்ட ஒன்று: வளிமண்டல நியூட்ரினோ உலகத்திலேயே முதன்முதலாகப் பதிவான இடங்களில் ஒன்று தங்கவயல் சுரங்கம்; 1965-ல், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில். தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் ஏறத்தாழ அதே சமயத்தில் பதிவானது. டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் அங்கே கருவிகளை இறக்கியபோது வழிகாட்டிக் கூட்டிப்போனது யார் என்று ஊகிப்பது கடினமில்லை.

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-ல் ஒன்றிய அரசின் கைக்குப் போனது, 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடினார்கள். எடுக்கிற தங்கத்தைவிட எடுக்கிற செலவு அதிகம் என்றார்கள். கணக்குப்படி அது உண்மையும்கூட. ஆனால் அந்த மாதங்களில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? மே மாதம் சட்டமன்றத் தேர்தல். யார் யாரோடு கூட்டணி, எத்தனை இடம் என்பதே பேச்சு. மூடிய ஒன்றிய அரசின் அமைச்சரவையில் தமிழ்நாட்டுக் கட்சிகள் உட்கார்ந்திருந்தன. கூட்டணியில் இருக்கவா விலகவா என்று அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்விகளில் தங்கவயல் வரவே இல்லை. கர்நாடகத் தமிழர் என்றால் 1991 டிசம்பர்க் கலவரம் போல அடிபட்டால்தான் நமக்கு நினைவு வரும். வேலை போனால் வராது.

மூடிய பிறகு ஊர் ரயிலில் வாழத் தொடங்கியது. விடிவதற்கு முன்னால் மாரிகுப்பத்தில் புறப்படுகிற வண்டியில் பெங்களூருக்கு ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். செக்யூரிட்டி, கார்மென்ட்ஸ், கட்டட வேலை, கம்ப்யூட்டர் கம்பெனியில் துடைக்கிற வேலை, அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலையும் உண்டு. போக 100 கிலோமீட்டர், வர 100 கிலோமீட்டர். குழந்தைகள் எழுவதற்கு முன் போய் அவர்கள் தூங்கிய பின் வருகிற அப்பாக்கள், அம்மாக்கள். திரும்பும்போது இருக்கை கிடைத்த பெண்கள் மறுநாள் குழம்புக்கு வெங்காயம் உரித்து முடித்துவிடுவார்கள்.

ஊரில் எஞ்சியது சயனைடு மேடு. அரைத்துக் கரைத்துக் கொட்டிய மண், மூன்று கோடி டன்னுக்கு மேல், குன்று குன்றாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி கொடியில் காயும் துணியிலும் மூடாத சோற்றுப்பானையிலும் படிகிறது. பம்புகள் நின்றதால் சுரங்கங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. ஒரு காலத்தில் சுற்றுவட்டாரமே தேடி வந்த சுரங்க ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் படுக்கைக்கு நாடே அலைந்தபோது, தன்னார்வலர்கள் பூட்டைத் திறந்து, இருபது வருஷக் குப்பையை அள்ளி, கழுவி, கட்டில் போட்டார்கள். குடியிருக்கும் வீட்டைச் சொந்தமாக்கித் தருகிற விவகாரம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தமிழ் வழிப் பள்ளிகள் சுருங்கிவிட்டன. குழாய்த் தண்ணீர், பட்டா, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த மாநிலத்தின் பொறுப்பு, நாம் தலையிட முடியாது என்பது சரி. பாடநூல் அனுப்பவும் நூலகம் வைக்கவும் எந்த எல்லைச் சட்டம் தடுத்தது?

சினிமாவையும் சொல்லிவிட வேண்டும். 2018-ல் வந்த கே.ஜி.எஃப் படம் அந்தச் சயனைடு மேட்டிலும் எடுக்கப்பட்டது. பம்பாயிலிருந்து ஒரு வீரன் வந்து, வாயில்லா அடிமைகளை மீட்கிறான். சங்கம் வைத்தவர்கள், கைரேகை தர மறுத்தவர்கள், பத்திரிகை நடத்தியவர்கள் திரையில் முகமில்லாத அடிமைக் கூட்டமானார்கள்; நாம் விசில் அடித்தோம். 2024-ல் பா. ரஞ்சித்தின் தங்கலான் வந்தபோதுதான் வடார்க்காட்டிலிருந்து போனவர்கள் தமிழர்கள், ஒடுக்கப்பட்டவர்கள் என்று ஒரு தமிழ்ப்படம் முதல்முறையாக உரக்கச் சொன்னது. அதுவும் மாய யதார்த்தத்தில் பாதி மூழ்கிவிட்டது என்பது என் குறை. ஷாப்டு வாசலில் நின்ற பெண்ணின் கதைக்கு மாயம் தேவையே இல்லை.

வேறு மாநிலம், நாம் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். 1966-ல் கோலாலம்பூரில் உலகத் தமிழ் மாநாடு நடத்தினோம். 1970-ல் பாரிசில், 1974-ல் யாழ்ப்பாணத்தில். மலையகத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் போனவர்களைப் பற்றிப் பேசக் கடல் தாண்ட முடிந்த நமக்கு, ஜோலார்பேட்டையைத் தாண்டி ஒரு மணி நேரம் போக முடியவில்லை. தூரம் காரணம் இல்லை.

2024-ல் சயனைடு மண்ணை மறுபடி அரைத்துத் தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மண் மேட்டுக்குக்கூட விலை வந்துவிட்டது. அங்கே உழைத்தவர்களின் நினைவுக்குத்தான் இன்னும் ஏலம் கேட்க ஆளில்லை. 2001-ல் கடைசி ஷிப்டில் இறங்கியவர்களில் இளையவருக்கும் இன்று ஐம்பதுக்குக் குறையாது. மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய நம் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய நிதி வேண்டாம், ஆய்வு மாணவர் நாலு பேரும் ரயில் டிக்கெட்டும் போதும்.

வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டைப் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ கோலாரில் மைன்ஸ் வேலை பார்த்தவராக இருக்கலாம். பரணில் அவருடைய சம்பளச் சீட்டு, சங்கத் துண்டறிக்கை, கிழிந்த தமிழன் இதழ், மாரிகுப்பத்திலிருந்து வந்த ஒரு கடுதாசி, எது கிடந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.